ஏழு ஏர்பேக் வண்டி

நவம்பர் 3, திங்கள்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். "தினமும் பிரஷர் பாத்து எழுதி வைங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னும் ரெண்டு வரி போடுங்க. எதனால ஏறுதுன்னு கண்டுபிடிக்கலாம்" என்றார். டயர் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி பத்து மாதமாகப் பிரிக்காமல் கிடந்தது. முதல் பக்கத்தில் பெயர், தொழில் எல்லாம் கேட்கிறான். எழுதி வைப்போம்.

பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்தாறு. தொழில், பழைய கார் வாங்கி விற்பது. சிங்காநல்லூரில் இருபத்து மூன்று வருடமாகக் கடை. அதற்கு முன் இன்னொருத்தர் கடையில் கார் கழுவினேன். யாரும் தூக்கிவிடவில்லை, யாரையும் தள்ளிவிடவும் இல்லை.

பிரஷர் 142/90. காரணம் ஊறுகாயாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் சுபிக்‌ஷாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பொள்ளாச்சி நாச்சிமுத்து குடும்பம். தென்னை நார் மில். ஒரே பையன் கிரிதரன். ஜாதகம் பொருந்திவிட்டது. இதற்கு முன் நாலு இடத்தை வேண்டாமென்று சொன்னவள், இந்தப் பையனின் போட்டோவைப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறாள். என் மனைவி வசந்தாமணி அதையே சம்மதம் என்கிறாள்.

நவம்பர் 9, ஞாயிறு

பத்தரைக்கு வந்தார்கள். கேட்டைத் திறக்க நானே போனேன். அடர் நீலத்தில் ஒரு அமெரிக்கன் ஏறி வந்து நின்றது. கம்பெனிப் பெயர் எதற்கு, எங்கள் லைனில் 'அமெரிக்கன்' என்றால் இந்த ஏழு சீட்டு வண்டிதான். கம்பெனி நாட்டைவிட்டுப் போய்விட்டது, வண்டிக்கு மவுசு போகவில்லை.

நாச்சிமுத்து இறங்கியதும் மாட்டைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி பானெட்டைத் தட்டினார். "உங்க தொழிலாச்சே, பாத்துச் சொல்லுங்க. எப்பிடிங்க வண்டி?"

"நல்ல வண்டிங்க."

"ஏழு சீட்டு, ஏழு ஏர்பேக்குங்க. ஆளுக்கு ஒண்ணு! செகண்ட்ஸ்தான், ஆனா பாலக்காட்டுல ஒரு நல்ல மனுசன்கிட்ட வாங்கினது. வாங்கி ஒண்ணே முக்கால் வருசம் ஆச்சு, ஒரு நாள் நின்னதில்லை."

"என்னமோ இவரே அமெரிக்கா போயி செஞ்சு கொண்டாந்த மாதிரி" என்றார் சாந்தாமணி, அவர் மனைவி. "வந்தது பொண்ணப் பாக்கறதுக்கு. வண்டியப் பத்தி மத்தியானம் பேசிக்கலாம், உள்ள வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஜனம். மாடியில் பத்து நிமிடம் பேசிவிட்டு இறங்கி வந்த சுபிக்‌ஷாவின் முகத்தைப் பார்த்தேன். பிடித்துவிட்டது.

நான் திண்டிவனம் பதிவு நம்பர் பிளேட்டையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். "காப்பி ஆறுதுங்" என்று வசந்தாமணி இடித்த பிறகுதான் தெரிந்தது.

166/98. வேறு ஒன்றுமில்லை.

நவம்பர் 10

158/96. ஊறுகாயை நிறுத்தியாகிவிட்டது.

நவம்பர் 12, புதன்

எழுதிவிட்டால் தலையை விட்டு இறங்கும் என்று நினைக்கிறேன்.

அந்த வண்டியை விற்கும்போது நான் ஒரு பாட்டுப் பாடுவேன், தூக்கத்தில் கேட்டாலும் வரும். இதன் முதல் தலைமுறை அமெரிக்காவில் வந்தபோது சின்ன லாரியின் சட்டத்தில் ஒரு வீட்டைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. பலம் உண்டு, பதவிசு கிடையாது. வளைவில் ஆடும். படகு இழுக்கிறவனும் பண்ணைக்காரனும் வாங்கினார்கள். பிறகு பிள்ளை குட்டிக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். கம்பெனிக்காரன் உயரத்தைக் குறைத்தான், சக்கரங்களுக்கு நடுவே அகலத்தைக் கூட்டினான், பின்னால் மூன்றாவது வரிசை போட்டான். சறுக்கினால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடித்து நிறுத்த ஒரு மூளை வைத்தான். கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு. மணல், சேறு, பாறை என்று திருப்பினால் வண்டி தன் புத்தியை மாற்றிக்கொள்ளும். முன்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, ஜன்னல் நெடுக திரை மாதிரி இரண்டு, ஓட்டுநரின் முழங்காலுக்கு ஒன்று, ஆக ஏழு ஏர்பேக். இதற்காகப் பொம்மைகளை உட்கார வைத்து சுவரில் மோதவிட்டு, மோதவிட்டுப் பார்த்தார்களாம்.

எண்பது சென்டிமீட்டர் தண்ணீரில் இறங்கி ஓடும் என்பதும் அந்தப் பாட்டில் ஒரு அடி. ஓடும். ஆனால் சென்னை வெள்ளத்தில் இந்த வண்டி ஓடவில்லை. ஒரு அப்பார்ட்மென்ட்டின் அடித்தளத்தில் மூன்று நாள் நின்றது. சீட்டுக்கு மேல் தண்ணீர்.

இன்சூரன்ஸ்காரர்கள் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்தேன். சீட்டெல்லாம் கழற்றி, கார்ப்பெட்டை ஒரு வாரம் வெயிலில் போட்டு, நாற்றம் போகக் காப்பித்தூளும் அடுப்புக்கரியும் வைத்து, பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அதில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவி, எல்லாம் நன்றாகவே செய்தோம். இன்ஜின் தங்கம். ஒன்று மட்டும் சரியாகவில்லை. ஏர்பேக்கை வெடிக்கச் சொல்கிற பெட்டி கியருக்கு அடியில் தரையோடு இருக்கிறது. அது ஊறிச் செத்துவிட்டது. கம்பெனி போய்விட்டதால் புதிது கிடைக்கவில்லை.

சாவியைப் போட்டால் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு வரும். மடியில் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி. ஆறு வினாடி எரிந்து அணைந்தால் ஏர்பேக் நலம். அணையாவிட்டால் கோளாறு. விவரம் தெரிந்தவன் முதலில் அதைத்தான் பார்ப்பான். என் எலக்ட்ரீஷியன் ஸ்டீபன் தீப்பெட்டி அளவில் ஒன்றைச் செய்து மீட்டருக்குப் பின்னால் வைத்தான். அது விளக்கை ஆறு வினாடி எரியவிட்டு அணைக்கும். அத்தனை பொம்மைகளைச் சாகடித்து அவர்கள் கண்டுபிடித்ததை ஸ்டீபன் ஒரே மதியத்தில் முடித்துவிட்டான்.

பாலக்காட்டு வியாபாரி ஒருத்தருக்குக் கொடுத்தேன். அவர் நாச்சிமுத்துவுக்குக் கொடுத்திருக்கிறார். அவருக்கும் தெரியாது.

இது எங்கள் லைனில் எல்லோரும் செய்வதுதான். நான் அடிக்கடி செய்கிறவனும் இல்லை.

170/100. எழுதினால் இறங்கும் என்றது பொய்.

நவம்பர் 13

ஸ்டீபனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அந்த அமெரிக்கன் ஞாபகம் இருக்குதா?"

"நீலமாங்ணா? நல்லா இருக்குது. ஏன், திரும்பி வந்துருச்சுங்களா?"

"அதுல ஏர்பேக் ஏழும் இருக்குதல்ல?"

"எல்லாம் இருக்குதுங்ணா. நாம ஒண்ணையும் கழட்டலையே. ஆனா கூப்பிட்டாக் கேக்காதுங்."

சிரித்தான். நான் போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

உப்புச்சர்க்கரை மாற்றிக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் இது முடிந்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. இனி பேச்சு மாறக்கூடாது. தை மாதம் முகூர்த்தம்.

சாந்தாமணி என் மகளின் தலையில் பூ வைத்தபோது வசந்தாமணி அழுதாள். நான் போர்டிகோவில் நின்றுகொண்டிருந்தேன். நாச்சிமுத்து வந்து தோளில் கை போட்டார். "இந்த வண்டி வந்த பின்னாலதான் சம்பந்தி எங்களுக்கு எல்லாம் கூடி வருது. ராசியான வண்டிங்க."

சொல்லியிருக்கலாம். போர்டிகோவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம்.

நவம்பர் 20, வியாழன்

வியாபாரியின் மூளை வியாபாரியின் வழியில்தான் போகும். போன் போட்டேன். "சம்பந்தி, அந்த வண்டிய எனக்குக் குடுத்துருங்க. நீங்க வாங்கின விலைக்கு மேலயே தர்றேன். கல்யாணத்துக்குப் புது வண்டி எடுங்க."

அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம். சாந்தாமணியைக் கூப்பிட்டு உரக்கச் சொல்கிறார், எனக்குக் கேட்கிறது. "பாத்தியா, தொழில்காரரே ஆசப்படறாரு! நான் சொன்னா நீ சிரிச்சயே!" பிறகு என்னிடம், "அத மட்டும் கேக்காதீங்க சம்பந்தி. கிரி தினமும் அதுலதான் கோயமுத்தூர் வந்து போறான். அவனுக்கு அது கை வாகு."

தினமும். எழுபது எண்பது கிலோமீட்டர். நான் கேட்டு வாங்கிக்கொண்டது இந்தச் செய்தியைத்தான்.

நவம்பர் 22, சனி

மகள் ஆபீஸ் போயிருப்பதாக நினைத்தேன். மூன்று மணிக்கு வாட்ஸப்பில் படம் வருகிறது. ஆழியாறு, பின் சீட்டிலிருந்து யாரோ எடுத்தது. கிரிதரன் ஓட்டுகிறான், முன் சீட்டில் சுபிக்‌ஷா. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை டேஷ்போர்டின் மேல் நீட்டியிருக்கிறாள். பாதத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக்கில், ஏர்பேக் என்று அச்சடித்த எழுத்து.

பெரிதாக்கிப் பார்த்தேன். பெல்ட் போட்டிருக்கிறாள். இன்னும் பெரிதாக்கி மீட்டரைப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. எப்படி எரியும்.

போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஒன்பதாவது தடவை எடுத்தாள். "என்னப்பா, ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"காலை எடு."

"என்னது?"

"டேஷ்போர்டுல இருந்து கால எடு கண்ணு. அவர மெதுவா வரச் சொல்லு."

"ஐயோ அப்பா" என்று வைத்துவிட்டாள். வீடு வந்து சேர்ந்தபோது ஆறே கால். அதுவரை கேட்டுக்குப் பக்கத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். செடி மூழ்கிவிட்டது என்கிறாள் வசந்தாமணி.

178/104.

நவம்பர் 25, செவ்வாய்

ஒரு வழி தோன்றியது. நல்ல வழி. யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு முன் நம் செலவில் ஒரு சர்வீஸ் என்று சொல்லி வண்டியைக் கடைக்கு வரவழைத்தேன். கிரிதரனே கொண்டுவந்து விட்டான். ஆயில் மாற்றினோம், பிரேக் பார்த்தோம். ஸ்டீபனிடம், அந்தத் தீப்பெட்டியைக் கழற்று என்றேன்.

"கழட்டினா லைட்டு எரிஞ்சுட்டே இருக்கும்ங்ணா."

"எரியட்டும்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இருபது வருடத்தில் விளக்கை எரியவிடச் சொல்லி யாரும் அவனைக் கேட்டதில்லை.

விளக்கு எரியும், நாச்சிமுத்து பார்ப்பார், பொள்ளாச்சியில் எவனிடமாவது காட்டுவார், அவன் திறந்து பார்த்துவிட்டு வெள்ளத்தில் நின்ற வண்டி என்பான், பாலக்காட்டுக்காரன் தலையில் விடியும். வண்டி ஒதுங்கும். என் மகள் தலை குனியாமல் அந்த வீட்டுக்குப் போவாள்.

இன்று 146/90. டாக்டருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நவம்பர் 28, வெள்ளி

நாச்சிமுத்து போன். "சம்பந்தி, உங்க கடையில இருந்து வந்ததுல இருந்து ஒரு சிவப்பு லைட்டுங்க. ஏர்பேக்கு லைட்டுன்னு பையன் சொன்னான்."

என் குரல் எவ்வளவு நன்றாக ஆச்சரியப்பட்டது! "அட, அப்பிடீங்களா? ஒரு நல்ல ஆளாப் பாத்துத் திறந்து காட்டுங்க சம்பந்தி. அத அப்பிடியே விடக்கூடாது."

"காட்டியாச்சுங்க! நம்ம மார்க்கெட் ரோட்டுல ஒரு பையன் இருக்கறான், கெட்டிக்காரன். சென்சார் தூசிதான்னான். பத்தே நிமிஷம். இப்ப சாவி போட்டா ஆறு செகண்டு எரியுது, டக்குனு அணைஞ்சுருது. உங்க ஆளு ஏதோ ஒயரத் தட்டி விட்டுருப்பான், விடுங்க, நமக்குள்ள என்ன."

ஆறு வினாடி. அவனிடமும் தீப்பெட்டி இருக்கிறது.

"இன்னொண்ணு சம்பந்தி. புதன்கிழமை முகூர்த்தப்பட்டு எடுக்கச் சிறுமுகை போறோம். எல்லாரும் நம்ம வண்டியிலயே போயிரலாம். சேலை எடுத்துட்டு அப்பிடியே கோத்தகிரி ஏறி, எங்க பெரியம்மா வீட்டுல விருந்து."

சரி என்றேனா என்று நினைவில்லை. வைத்துவிட்டேன்.

நவம்பர் 29

மலையேறும்போது மோதினால் வேகம் குறைவாக இருக்கும். இறங்கும்போதுதான்.

டிசம்பர் 1, திங்கள்

வேன் பிடிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார்கள். எனக்கு உடம்பு சரியில்லை, தள்ளிப் போடலாம் என்றேன். நாள் நல்ல நாள், நீங்கள் ஓய்வெடுங்கள், பெண்கள் போய் வரட்டும் என்றார்கள். சுபிக்‌ஷாவிடம், உனக்கு மலைப்பாதையில் வாந்தி வருமே, நம் காரில் வந்துவிடு என்றேன். "அதான் முன்சீட்டு எனக்குன்னு சொல்லிட்டாங்கப்பா" என்றாள்.

வசந்தாமணி இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள். "ஏனுங், அவங்க வண்டி மேல உங்களுக்கு என்ன பொறாமை? ஊருக்கே தெரியற மாதிரி பண்ணறீங்."

டிசம்பர் 3, புதன்

ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். கிரிதரன் ஸ்டியரிங்கில். நாச்சிமுத்து, சாந்தாமணி, அவர் அக்கா. சாமி கும்பிட்டு வசந்தாமணி நடு வரிசையில் ஏறினாள். சுபிக்‌ஷா முன்னால் ஏறினாள். பச்சைச் சுடிதார். கதவைச் சாத்தும்போது எனக்குக் கையசைத்தாள், சின்ன வயதில் பள்ளி வேனிலிருந்து அசைப்பது போல.

கிரிதரன் சாவியைப் போட்டான். கண்ணாடி வழியாக மீட்டர் தெரிந்தது. சிவப்பு ஆள் வந்தான். நான் எண்ணினேன். ஆறில் போய்விட்டான்.

வண்டிக்கு முன்னால் போய் பானெட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து நின்றுகொண்டேன். கிரிதரன் ஹாரனைச் சின்னதாக அடித்துச் சிரித்தான், விளையாட்டு என்று. பிறகு சிரிப்பு நின்றது.

"இறங்குங்க. எல்லாரும் இறங்குங்க."

"என்ன சம்பந்தி?" நாச்சிமுத்து தலையை வெளியே நீட்டினார்.

"இது வெள்ளத்துல மூழ்கின வண்டி. ஏர்பேக் ஒண்ணும் வேலை செய்யாது. லைட்டு அணையறது ஏமாத்து. பொள்ளாச்சிப் பையன் பண்ணினது ரெண்டாவது. முதல்ல பண்ணினது என் கடையில. பாலக்காட்டுக்காரருக்கு வித்தது நான்."

ஒரே மூச்சில் வந்துவிட்டது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, தங்கமாக. கிரிதரன் அதையும் அணைத்தான்.

முதலில் இறங்கியது சாந்தாமணி. நடந்து என் முன்னால் வந்து நின்றார். கத்தவில்லை.

"பொண்ணு பாக்க வந்தப்பவே தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்பறம் ஒரு மாசம் எம்பையன் தினமும் இதுலதான் உங்க ஊருக்கு வந்துட்டுப் போனான். நீங்க எம்பட கையால உப்புச்சர்க்கரை வாங்கினீங்க. இன்னைக்கு உங்க பொண்ணு ஏறி உக்காந்த பொறகுதான் உங்களுக்கு வாய் வந்துச்சு. இல்லீங்களா?"

பானெட்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்தேன்.

நாச்சிமுத்து பானெட்டைத் தட்டவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். வண்டி என் போர்டிகோவில் நிற்கிறது.

பிரஷர் பார்க்கவில்லை.

டிசம்பர் 6, சனி

போன் இல்லை. வசந்தாமணி என்னிடம் பேசுவதில்லை, சோறு மட்டும் வருகிறது. கிரிதரன் சுபிக்‌ஷாவுடன் பேசுகிறானாம். "அவரு பேசறாரு. அவங்கம்மா பேசல" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

காலையில் நாச்சிமுத்து கூப்பிட்டார். பழைய குரல் இல்லை. "வண்டிக்குக் கணக்கு முடிச்சுருங்க. கல்யாணப் பேச்ச அப்பறம் பாக்கலாம்." சம்பந்தி என்று சொல்லவில்லை.

உடனே பழைய வண்டிகளை வெட்டிப் பிரிக்கும் யார்டுக்கு அமெரிக்கனைக் கொண்டுபோனேன். கடைசியாக ஓட்டிப் போனது நான்தான். பெல்ட் போட்டுக்கொண்டேன். வழி முழுக்க லாரிகள் என் மேலேயே வருவது போல இருந்தது. நாற்பது வேகத்துக்கு மேல் போகவில்லை. இதில் ஒருவன் தினமும் போய்வந்தான்.

மாலை சுபிக்‌ஷா கடைக்கு வந்தாள். அவள் கடைக்கு வருவதே இல்லை. என் மேஜைக்கு எதிரே, வாங்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கல்யாணத்தைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"எத்தனை வண்டிப்பா?"

"இது ஒண்ணுதான் கண்ணு."

அவள் எழுந்திருக்கவில்லை. வெளியே ஸ்டீபன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான், அந்தச் சத்தம் நின்றது. அவனும் காது கொடுக்கிறான் போல.

"நாலு" என்றேன். பிறகு, "இதோட அஞ்சு."

"அதுல எல்லாம் யாரு போறாங்க?"

யோசித்ததே இல்லை. வண்டிகள் ஞாபகம் இருக்கிறது. நிறம், நம்பர், எந்தச் சீட்டில் சேறு அதிகம் என்பதுகூட. வாங்கினவர்களின் முகம் வரவில்லை. பழைய பில் புத்தகங்களை எடுத்து இரண்டு பேரும் தேடினோம். வாங்கினவர்களின் போன் நம்பர்களை இந்த டைரியில் எழுதச் சொன்னாள். எழுதினேன். கையெழுத்து எனக்கே புரியவில்லை, அவள் வாங்கி அவளே எழுதினாள்.

"இப்பவே போடுங்கப்பா."

முதல் நம்பர் உடுமலைக்காரர். கருப்பு வண்டி, போன வருடம் ஆவணியில் வாங்கினார். நாலு தடவை மணி அடித்தது. எடுத்தது ஒரு சின்னக் குழந்தை.

"அலோ, யாரு?"

"அப்பா இருக்காராம்மா?"

"அப்பா வண்டி ஓட்டறாரு. போனை நாந்தான் வெச்சிருக்கேன்."

காற்று இரைகிற சத்தம் கேட்டது. ஒரு பஸ் ஹாரன் பெரிதாக வந்து கடந்து போனது.

"எந்த வண்டி கண்ணு?"

"எங்க கருப்பு வண்டி."

"நீ எங்க உக்காந்திருக்கே?"

"முன்னாடி" என்றது, பெருமையாக. "அப்பா மடிக்குப் பக்கத்துல."

"அப்பாகிட்ட வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லு சாமி. இப்பவே. நான் போனை வெக்க மாட்டேன். நிறுத்தற வரைக்கும் பேசிட்டே இரு."